ரீச்சர் வென்றால் ஆடு போகும்

தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியில் யாராவது ஒருவர் விரலை நீட்டி, "அவர்கள் வந்தால் உங்கள் நிலம் போகும், உங்கள் வீடு போகும்" என்று முழங்கினால் என் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும். எனக்கு மட்டும் வெட்கம் வரும். கோபப்படும் தகுதியை நான் இருபத்தோராவது வயதிலேயே இழந்துவிட்டேன். அந்த மனிதராவது நிலம், வீடு என்று மரியாதையான சாமான்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். நான் ஆட்டைச் சொல்லிப் பயமுறுத்தியவன்.

இது நெடுந்தீவில், எண்பத்திமூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. அந்த ஆண்டின் பிற்பாதி நாட்டுக்கு என்ன கொண்டுவரப் போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய அரசியல் கிராம முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் தெரிவுதான்.

பன்னிரண்டு வருடங்களாகத் தலைவராக இருந்தவர் என் அம்மாவின் தமையன் வேலுப்பிள்ளை மாமா. நல்ல மனிதர். ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. (ஒருவருக்கும் ஒரு நன்மையும் செய்ததில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம்.) அவருடைய ஆட்சியில் சங்கம் கண்ட பெரிய முன்னேற்றம் சீமெந்தில் கட்டிய ஒரு பெயர்ப்பலகை. அதில் சங்கத்தின் பெயரைவிட மாமாவின் பெயர் கொஞ்சம் பெரியது. கூட்டம் கூடினால் ஒரு மணித்தியாலம் பேசுவார். பேசி முடிக்கும்போது, எதற்காக வந்தோம் என்பதைச் சனம் மறந்து வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வருடம் அவருக்கு எதிராகப் பிலோமினா ரீச்சர் நின்றார். இளைப்பாறிய ஆசிரியை. தீவில் பாதிப் பேருக்கு அவர்தான் அரிவரி சொல்லிக் கொடுத்தவர், எனக்கும் சேர்த்து. அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: நோயாளிகளைக் கரைக்குக் கொண்டுபோக இயந்திரம் பூட்டிய ஒரு படகு. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் மீன்பிடி வள்ளத்தில் வலைக்கு மேல் கிடத்திக் கொண்டுபோகிற நிலை மாறவேண்டும் என்றார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை பிறந்ததே கடலில்தான். நெடுந்தீவுக்கும் எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கும் நடுவில், ஒரு வள்ளத்தில், யாரோ ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் மறைப்புக் கட்டி. ஆகவே அந்தப் படகின் தேவை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் திரும்ப வெண்டால் சங்கத்துக்குச் சம்பளக் கிளாக்கர் ஒருத்தன் வேணும். அது நீதான்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கணத்திலிருந்து எனக்குக் கடல் அவ்வளவு அகலமாகத் தெரியவில்லை.

என்னைத் தெரிவுசெய்ய மாமாவுக்கு ஒரு காரணம் இருந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் மூன்று வருடம் தங்கிப் படித்து, உயர்தரச் சோதனையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டவன் நான். அந்த மூன்று வருடத்தில் பட்டணத்தில் நடந்த ஒரு தேர்தல் கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. பௌதிகம் ஏறாத மண்டையில் பிரசாரம் நன்றாக ஏறியிருந்தது. ஊருக்குத் திரும்பியபோது, தேர்தல் என்றால் என்னவென்று அறிந்த ஒரே நெடுந்தீவான் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆலோசனைக் கூட்டத்தில் நானும் மாமாவும் மட்டும்தான்.

"மாமா, செய்த சேவையைச் சொல்லி வாக்குக் கேட்க ஏலாது."

"ஏன் ஏலாது?"

"செய்யேல்லையே."

மாமா பன்னிரண்டு வருடத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

எங்கள் சிக்கல் வாக்குக் குறைவு அல்ல. தீவின் உள்பக்கத்தில் நிலம் உழுகிற கமக்காரக் குடும்பங்கள் எல்லாம் எங்கள் சொந்தமும் பந்தமும். ஆள்தொகையில் நாங்கள்தான் அதிகம். ஆனால் எங்கள் சனம் கூட்டத்துக்கு வராது. வெயில் என்றால் வராது, காற்று என்றால் வராது, வெயிலும் காற்றும் இல்லாத நாளில் நித்திரை வந்துவிடும். ரீச்சரின் பக்கம் இருந்த கரையோர மீன்பிடிக் குடும்பங்கள் அப்படியல்ல. பள்ளிக்கூட மணி கேட்ட பிள்ளைகள்போல வரிசையாக வந்து நிற்பார்கள்.

"எங்கடை ஆக்கள் அன்புக்கு வரமாட்டினம் மாமா. பயந்தால்தான் வருவினம்."

"எதுக்குப் பயப்பிடுத்துறது?"

அப்போது மாமாவின் கிடாய் ஒன்று வந்து, நான் எழுதி வைத்திருந்த திட்டத்தின் மூலையை முகர்ந்து பார்த்தது. எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

ஆடு இல்லாத வீடு நெடுந்தீவில் அருமை. முருகைக்கல் மதில்களுக்கு இடையில் அவை பாட்டுக்கு மேய்ந்து திரியும். இரண்டு வருடத்துக்கு முன், பள்ளிக்கூடத் தோட்டத்தை ஆடுகள் மேய்ந்துவிட்டன என்று ரீச்சர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஆடுகளைக் கட்டி வளர்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். (மாமா அதற்குப் பதில் போடவில்லை. கடிதத்தையும் ஆடு தின்றிருக்கலாம்.) ஒரு துளி உண்மை கிடைத்துவிட்டது. அதில் ஒரு குடம் பொய்யை ஊற்றுவது பட்டணத்தில் படித்தவனுக்குக் கஷ்டமா என்ன.

அடுத்த நாள் காலை பூரணம் அக்காவைப் பிடித்தேன். அவர் பனையோலைக் கடகத்தோடு வீடு வீடாகப் போய் முட்டை வாங்கிப் படகில் பட்டணத்துக்கு அனுப்புகிறவர். முட்டை வாங்கப் போகிற வீட்டில் செய்தியை வைத்துவிட்டு வருவார்.

"அக்கா, ஒரு கதை. ஒருதருக்கும் சொல்லாதைங்கோ."

கடகத்தை இறக்கி வைத்தார்.

"ரீச்சர் தலைவரா வந்தால் ஆட்டுப் பதிவு துவங்கப்போறாவாம். ஒரு வீட்டுக்கு அஞ்சு ஆடுதானாம். மிச்சத்தைச் சங்கம் எடுக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"சொன்ன ஆளைச் சொல்லக்கூடாது அக்கா."

இது நூற்றுக்கு நூறு உண்மை. பூரணம் அக்கா கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். அன்று போன வேகத்தில் ஒரு முட்டையும் உடையாமல் இருந்தது அதிசயம்தான்.

காலையில் நான் ஐந்து ஆடு என்றேன். மத்தியானம் அது மூன்றானது. பின்னேரம் மறிகளை மட்டும் விட்டுவைப்பார்கள், கிடாய்கள் எல்லாம் போகும் என்று ஆனது. அடுத்த நாள் விடியும்போது ஊரே ஒரு புதிய செய்தி சொன்னது: அந்த ஆடுகளை விற்றுத்தான் ரீச்சர் படகு வாங்கப் போகிறார். நான் வாயைப் பிளந்தேன். என் பொய்க்கு இவ்வளவு அழகான காரணத்தை நானே யோசித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"டேய் குலம், கேள்விப்பட்டியோ? ரீச்சர் வெண்டால் வீட்டுக்கு மூண்டு ஆடுதானாம். என்னட்டைப் பதினாலு நிக்குது."

"மாமா, அது நான் கட்டின கதையெல்லோ."

"நீ சொன்னது அஞ்சு. இது மூண்டு. இது வேறை கதையடா. இது மெய்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் சொந்த வேட்பாளரே என் பொய்க்குப் பயந்து, எதிராளி வென்றுவிடுவாரோ என்று நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெற்றி தலைக்கேறியிருந்தது. ஒரு துண்டுக் கரியை எடுத்துக்கொண்டு போய், இறங்குதுறைக்குப் போகும் வழியில் இருந்த மதிலில், ஆட்கள் இல்லாத மத்தியான நேரம் பார்த்து, "ரீச்சர் வென்ரால் ஆடு போகும்" என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் மதிலின் முன் ஒரு சிறு கூட்டம். என் கோஷத்தை யாரும் அழிக்கவில்லை. "வென்ரால்" என்பதில் இருந்த "ர" மட்டும் வெள்ளைச் சோக்கட்டியால் வெட்டப்பட்டு, மேலே அழகான கையெழுத்தில் "ற" போடப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பிழைக்குறி. அதைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தானே எல்லோரும் எழுதப் பழகியது.

என் காது சுட்டது. ஆனாலும் தேர்தலில் எழுத்துப்பிழைக்கு வாக்குக் குறையாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

என்னைக் கொஞ்சமாவது உலுக்கியது பறுவதம் மாமியின் வீடு. தனி ஆள். மூன்று மறியும் ஒரு குட்டியும் வைத்துப் பால் விற்றுச் சீவித்தவர். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நடுப்பகலில் நான்கு ஆடுகளோடும் உள்ளே இருந்தார். மூன்று நாட்களாக ஆடுகளை மேய விடவில்லையாம். இலை குழையை வெட்டிக்கொண்டுவந்து அறைக்குள் போடுகிறாராம். முகம் வற்றிப்போய் இருந்தது.

"மாமி, அப்பிடி ஒண்டும் நடவாது. அது சும்மா கதை. ஆட்டை வெளியிலை விடுங்கோ."

மாமி கதவு நீக்கலால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரீச்சரின்ரை ஆக்கள் உன்னையும் பிடிச்சுப் போட்டினமோ?"

கதவு சாத்தப்பட்டது. பொய் சொல்லும்போது எல்லோரும் என்னை நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அந்த ஒரு முறை என்னைத் துரோகியாக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனம் குறுகுறுத்தது. ஆனால் கிளாக்கர் மேசையில் நான் இருப்பதாகக் கற்பனை செய்தபோது அது கொஞ்சம் அடங்கிவிட்டது. (இருபத்தொரு வயதில் மனச்சாட்சி நெடுநேரம் முழித்திருப்பதில்லை.)

தெரிவு நாள் வந்தது. காலையில் பூரணம் அக்கா வழியில் கண்டு என்னை நிறுத்தினார்.

"தம்பி, கடைசிக் கதை தெரியுமோ?"

"என்னக்கா?"

"நாங்கள் எல்லாரும் கூட்டத்திலை இருக்கேக்கை, ரீச்சரின்ரை ஆக்கள் கயிறோடை வீடு வீடா வந்து ஆடு பிடிக்கப் போகினமாம்."

"ஐயோ அக்கா, அப்ப எங்கடை சனம் கூட்டத்துக்கு வராதே?"

"ஏன் வராது? எல்லாரும் வருகினம். நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறம்."

"என்ன முடிவு?"

"வந்து பாருமன்."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். வாக்கெடுப்பை நடத்தக் கரையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் முதல் படகில் வந்திருந்தார். கடல் அன்று கொந்தளிப்பு. மனிதர் வந்து இறங்கும்போதே பச்சை நிறத்தில் இருந்தார். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில் தங்க நேரும் என்ற பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். மேடையில் இருந்த மேசையில் ஒரு கட்டு வாக்குச் சீட்டும் ஒரு தகரப் பெட்டியும் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

ரீச்சரின் ஆட்கள் நேரத்துக்கு வந்து, இடப்பக்க வாங்குகளில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார்கள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் புது வேட்டி உடுத்து வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தூசி தெரிந்தது. பிறகு சத்தம் கேட்டது. பிறகு எங்கள் சனம் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் வராத கூட்டம். சந்திக்குச் சந்தி சேர்ந்து, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான், சனத்தோடு சேர்த்து ஆடுகளும் வருவது தெரிந்தது.

ஒரு கையில் கயிறு, மறு கையில் குட்டி. சிலருக்கு இரண்டு கையிலும் கயிறு. பறுவதம் மாமி ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மறிகளை இழுத்துக்கொண்டு வந்தார். என் அம்மா எங்கள் வீட்டு ஏழு ஆடுகளில் நான்கைத் தான் பிடித்துக்கொண்டு மூன்றைத் தங்கையிடம் கொடுத்திருந்தார். (கடலில் பிறந்தவள். அவள் முகத்திலும் ரீச்சரைக் கண்ட பயம் இருந்தது.) எல்லோருக்கும் முன்னால், மாலை போட்ட கழுத்தோடு, தன் பெரிய கிடாயை இழுத்துக்கொண்டு வேட்பாளர் வந்தார்.

"மாமா, நீங்களுமோ?"

"பதின்மூண்டை அறைக்குள்ளை பூட்டிப்போட்டன். இது பூட்டை உடைக்கும்."

உத்தியோகத்தர் கதிரையை விட்டு எழும்பினார். "இது என்ன, சந்தையோ?"

பதிலை ஆடுகள் சொல்லின.

வெளியில் கட்டச் சொன்னார். மாட்டோம் என்றது எங்கள் சனம். வெளியில் கட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். வாதாட அவருக்கு நேரம் இல்லை. "சரி, இருங்கோ, இருங்கோ" என்றார். வேட்பாளர்கள் இருவரும் மேடையில் அமர்ந்தார்கள். மாமா கிடாயின் கயிற்றைக் கதிரைக் காலில் கட்டினார். உத்தியோகத்தர் சனத்தைப் பார்த்து, இரகசிய வாக்கெடுப்பின் அருமை பெருமைகளை விளக்கத் தொடங்கினார். சீட்டை எப்படி மடிப்பது, எங்கே புள்ளடி போடுவது, ஒருவர் வாக்கை இன்னொருவர் பார்க்கக்கூடாது. விளக்கி முடித்துச் சீட்டை எடுக்கத் திரும்பினார்.

கிடாய் கடைசிச் சீட்டை மென்றுகொண்டிருந்தது.

கிடாயின் தாடை அசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இது ஆரின்ரை ஆடு?" என்றார் உத்தியோகத்தர்.

மாமா கூரையைப் பார்த்தார். ரீச்சர் குனிந்து தன் கையைப் பார்த்தார். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "தலைவரின்ரை."

மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். புதிய சீட்டு வெட்டி, பெயர் எழுதி, ஆள் ஆளாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் படகு போய்விடும். "கையை உயர்த்தித்தான் தெரிவு செய்ய வேணும். முதல் ரீச்சர். ஆதரிக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

இடப்பக்கத்தில் ஒரே நேரத்தில் எல்லாக் கைகளும் எழுந்தன. நேராக, முழங்கை மடியாமல், சின்ன வகுப்பில் பழக்கியபடி. ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்.

"அடுத்தது வேலுப்பிள்ளையர்."

நான் வலப்பக்கத்தைப் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோர் முகத்திலும் மாமாவுக்கு வாக்களிக்கும் துடிப்பு. ஆனால் கை ஏது? ஒருவர் கையை உயர்த்தினார். அவர் மறி வாசலால் பாய்ந்தது. அவர் "ஐயோ" என்று அதன் பின்னால் பாய்ந்தார். இன்னொருவர் ஒரு விரலை மட்டும் நீட்டினார். உத்தியோகத்தர் விரல் செல்லாது என்றுவிட்டார். கந்தையா அண்ணை என்ற எங்கள் ஒன்றுவிட்ட உறவுக்காரர், இரண்டு கையும் நிறைந்திருந்தபடியால், மடியிலிருந்த குட்டியின் முன்காலைத் தூக்கிக் காட்டினார்.

"அது அங்கத்தவரில்லை" என்றார் உத்தியோகத்தர்.

"அங்கத்தவரின்ரை ஆடுதானே ஐயா."

"இறக்குங்கோ."

எனக்குப் புரிந்துவிட்டது, நிலைமை கைமீறிப் போகிறது என்று. ஓடிப்போய், "என்னட்டைத் தாங்கோ, நான் பிடிக்கிறன், நீங்கள் கையைத் தூக்குங்கோ" என்று கயிறுகளை வாங்கத் தொடங்கினேன். ஐந்து கயிறு வாங்கினேன். ஐந்து வாக்கு ஏறியது. ஆறாவதை வாங்கியபோது ஆடுகள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தன. ஆறும் வாசலை நோக்கி ஒரே திசையில் இழுத்தன. நான் கயிற்றை விட்டிருக்கலாம். ஆனால் அது ஆறு வாக்கு. விடாமல் பிடித்தேன். வாங்குகளுக்கு இடையால் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், வாசற்படியால் இறக்கி, முற்றத்தில் இருந்த பூவரசைச் சுற்றி இரண்டு முறை கொண்டுபோயின. மூன்றாம் சுற்றில் விழுந்தேன். வேட்டியின் ஒரு தலைப்பு ஏழாவது ஆடொன்றின் வாயில் இருந்தது. மற்றத் தலைப்பு என்னிடமும் இல்லை. யன்னல்கள் எல்லாம் தலைகளால் நிறைந்திருந்தன. நெடுந்தீவின் மொத்த வாக்காளரும், இரு கட்சியும் ஒற்றுமையாக நின்று, என்னையும் என் கோடுபோட்ட உள்காற்சட்டையையும் பார்த்தார்கள்.

உள்ளே உத்தியோகத்தர் எண்ணி முடித்தார். மாமாவுக்கு ஐம்பத்தொன்று.

ஒரு வாக்கு வித்தியாசம். அந்த ஒரு வாக்கு எது என்று பிறகு பலர் பல மாதிரிச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாக்கெடுப்பு நேரத்தில் கிடாய் கதிரையையும் மாமாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. மாமா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தனக்குத் தானே கை உயர்த்தவில்லை. கயிறு பிடித்த நானும் உயர்த்தவில்லை.

நான் பூவரசின் பின்னால் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு இருந்தபோது ரீச்சர் வந்தார். வந்து, மற்றப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"குலம், நான் ஆட்டுப் பதிவு துவங்கப்போறன் எண்டு நீர் ஊரெல்லாம் சொன்னீராம்."

"இல்லை ரீச்சர், அது வந்து..."

"மதிலிலை எழுதினதும் நீர்தான். உம்மடை 'ர'வும் 'ற'வும் எனக்கு மூண்டாம் வகுப்பிலை இருந்து தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். அவர் ஏசவில்லை.

"மிருக வைத்தியர் வந்து ஊசி போடுறதெண்டால், தீவிலை எத்தினை ஆடு நிக்குது எண்டு கணக்குக் கேக்கினம். போன வருசமும் நோயிலை எத்தினை செத்தது. ஒருதரும் கணக்கெடுக்கேல்லை. நீர் சொன்னது நல்ல யோசினை. என்ரை பேரிலை நீர் வாக்குக் குடுத்திட்டீர், நான் மாற ஏலாது. நாளைக்கு வெள்ளன வாரும். பதிவைத் துவங்குவம்."

"நானோ ரீச்சர்?"

"பேந்து ஆர்? நீர்தானே எல்லா வீட்டுக்கும் சொல்லி வைச்சிருக்கிறீர்."

"சம்பளம்..." என்றேன், வெட்கம் கெட்டு.

"முதல் பறுவதத்திட்டைப் போய் மன்னிப்புக் கேளும். அந்த மனுசி மூண்டு நாளாச் சாப்பிடேல்லையாம்."

அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏச்சு வாங்கியிருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே மாமியிடம் போனேன். கதவுக்கு வெளியே நின்று, கதையைக் கட்டியது நான்தான் என்று சொன்னேன். உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. பிறகு கதவு திறந்தது. நான்கு ஆடுகளும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடின. மாமி ஒரு செம்பு பால் கொண்டுவந்து நீட்டினார். "குடி. ஆனா இனிமேல் நீ வாய் திறந்தால் நான் நம்பமாட்டன்" என்றார். இருந்தவரையில் நம்பவும் இல்லை.

பதிவுக்கு ஒரு மாதம் பிடித்தது. நெடுந்தீவில் வாகனம் என்று சொல்லத்தக்கது அபூர்வம். கொப்பியும் பென்சிலுமாய் மதில் மதிலாய் நடந்தேன். நான் பரப்பிய பயம் எனக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய் உட்கார்ந்திருந்தது. எந்த வீட்டிலும் ஆடு இல்லை. நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை, குசினிக்குள் இல்லை. எனக்குக் கேட்ட ஆட்டுச் சத்தமெல்லாம் வெறும் பிரமை. ஒரு வீட்டில், போர்த்திக்கொண்டு படுத்திருந்த "காய்ச்சல்கார மாமா" என்னைப் பார்த்துக் கனைத்தார். போர்வைக்கு வெளியே கொம்பு தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கும் கொப்பியோடு போனேன். அம்மா வாசலை மறித்து நின்றார்.

"எங்களிட்டை ரெண்டுதான் நிக்குது."

"எணை அம்மா, ஏழு எண்டு எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுப் பிள்ளை."

"வீட்டுப் பிள்ளைக்குத் தெரிஞ்சால் போதும். விதானையாருக்குச் சொல்லத் தேவையில்லை."

(கிராம சேவகரை நாங்கள் விதானையார் என்போம். அரசாங்க உத்தியோகம், கொப்பி, கையெழுத்து, அதிகாரம்.) அடுத்த வீட்டில் முட்டை எண்ணிக்கொண்டிருந்த பூரணம் அக்கா அதைக் கேட்டுவிட்டார். பொழுது சாய்வதற்குள் நான் தீவு முழுவதற்கும் ஆட்டு விதானையார் ஆகிவிட்டேன். கொஞ்ச நாளில் "ஆட்டு" உதிர்ந்து, வெறும் விதானையார் நின்றது.

ஊசி போட்டார்கள். அந்த வருடம் ஆடுகள் சாகவில்லை. ரீச்சர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, படகையும் வாங்கிவிட்டார். அதில் முதலில் போன நோயாளி என் மாமாதான். கிடாயைப் பிடிக்கப் போய்ச் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். படகில் கிடத்தியதும், எல்லோரும் கூடி நிற்பதைக் கண்டு, திறப்பு விழாப் பேச்சொன்றை ஆரம்பித்தார். ரீச்சர் இயந்திரத்தைத் தொடக்கச் சொல்லிவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் என் பெயரும் நாளடைவில் மறைந்திருக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து எனக்குப் புங்குடுதீவில், மடத்துவெளியில், கல்யாணம் பேசினார்கள். பெண்ணின் தகப்பனார் எச்சரிக்கையான மனிதர். தரகரின் சொல்லை நம்பாமல், குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நின்று, நெடுந்தீவுப் படகால் இறங்கியவர்களிடம் விசாரித்தார்.

"குலம் எண்டொரு பெடியன், ஆள் எப்பிடி?"

"ஆர், எங்கடை விதானையாரோ? தங்கமான பெடியன். தெரியாத வீடு வாசல் இல்லை."

நான்கு பேரைக் கேட்டாராம். நான்கு பேரும் விதானையார் என்றார்களாம். இந்த வயதில் அரசாங்க உத்தியோகம் என்று மனிதர் பூரித்துப்போய், அடுத்த கிழமையே நாள் வைத்துவிட்டார். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. (இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். பறுவதம் மாமி இருந்தால் நம்பமாட்டார்.)

கல்யாணம் முடிந்து மனைவியை அழைத்துக்கொண்டு நெடுந்தீவில் வந்து இறங்கினேன். பட்டுச்சேலை, புதுத் தாலிக்கொடி, முகம் நிறைந்த பெருமை. விதானையாரின் மனைவி அல்லவா. படியில் கால் வைக்கும்போதே கந்தையா அண்ணை எதிரே வந்தார்.

"விதானையார், நல்ல நேரத்திலை வந்தீர். என்ரை மறி மூண்டு குட்டி போட்டிருக்கு. ஒருக்காப் பதியுமன்."

மனைவி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். வீடு போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகு இன்றுவரை நிறுத்தவும் இல்லை.

இப்போது ரொறன்ரோவில் இருக்கிறோம். போன மாதம் மகளின் கல்யாண மண்டபத்தில், சம்பந்தி பகுதியில் ஒரு பெரியவர் எங்கள் மேசைக்கு வந்து மரியாதையாக விசாரித்தார். "ஐயா ஊரிலை என்னவா இருந்தவர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"இவர் விதானையாரா இருந்தவர்."

"அப்பிடியோ? சந்தோசம். எந்தப் பிரிவுக்கு?"

"நாலுகால் பிரிவுக்கு" என்றார் மனைவி.